நட்டு இன்னும் அசையவில்லை

அண்ணை கனடாவிலிருந்து போன் எடுத்தபோது நான் சொதி வைத்துக்கொண்டிருந்தேன். அவர் வழக்கமாக எடுக்கிற நாள் அல்ல அது. வருஷத்துக்கு மூன்று தரம்தான் எடுப்பார். தைப்பொங்கல், சித்திரை வருஷப்பிறப்பு, அப்பாவின் திவசம். இந்த மூன்றும் இல்லாத ஒரு காலையில் அவருடைய படம் திரையில் வந்ததும் யாரோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். எங்கள் ஆட்களில் யார் யாருக்கு அந்த வயது என்று மனதுக்குள் ஒரு கணக்கும் போட்டுவிட்டேன்.

"தம்பி, உந்த மோட்டச்சைக்கிள் இன்னும் நிக்குதோ?"

"ஓம் அண்ணை. போன ஞாயிறும் ஸ்டார்ட் பண்ணினனான்."

"அப்ப அதின்ரை ஷாஃப்ட் நல்லாத்தான் இருக்கும் என்ன?"

இருக்கும் என்றேன். அதைக் கழட்டி அனுப்பச் சொன்னார்.

அந்த மோட்டார் சைக்கிளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஜேர்மன்காரர்கள் செய்தது. மிஷன் பள்ளிக்கூடத்தில் படிப்பித்த ஒரு வெள்ளைக்காரர் நாட்டை விட்டுப் போகும்போது அண்ணை அவரிடம் வாங்கினார். மற்ற மோட்டார் சைக்கிள்களைப் போல இதற்குச் செயின் கிடையாது. எஞ்சினின் சுழற்சியைப் பின்சில்லுக்குக் கொண்டுபோவது ஒரு இரும்புத் தண்டு. அதுதான் ஷாஃப்ட். பின்சில்லைப் பிடித்துக்கொண்டு மேலும் கீழும் ஆடுகிற இரட்டைக் குழாய் ஒன்று இருக்கிறது, சுவிங் ஆம் என்பார்கள். அதன் வலப்பக்கக் குழாய்க்குள் ஷாஃப்ட் எண்ணெயில் ஊறியபடி கிடக்கும். வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

அண்ணை கனடாவுக்கு வெளிக்கிட்டு முப்பத்தைந்து வருஷத்துக்கு மேலாகிறது. போகிற அன்று மோட்டார் சைக்கிளின் சீற்றில் கையை வைத்து, "வந்து ஓடுவன், கவனமாப் பாத்துக்கொள்" என்றார். நானும் பார்த்துக்கொண்டேன். சண்டையில் ஊரே இடம்பெயர்ந்தபோது மற்றவர்கள் மிதிக்கிற சைக்கிளில் அரிசி மூட்டையும் கோழியும் கட்டிக்கொண்டு போனார்கள். நான் பெற்றோல் இல்லாத அந்த இருநூறு கிலோ இரும்பை நாவற்குழிப் பாலம் தாண்டித் தள்ளிக்கொண்டு போனேன். அம்மா வழி முழுக்க என்னை ஏசிக்கொண்டு வந்தார். திரும்பியும் தள்ளிக்கொண்டு வந்தேன். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் பத்து நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வைப்பேன். ஓடமாட்டேன். அது அண்ணை ஓடுவதற்கென்று நிற்கிறது. அம்மாவும் போய், நான் கலியாணமும் கட்டாமல், மின்சாரக் கந்தோரில் கம்பம் ஏறின வேலையிலிருந்தும் ஓய்வு பெற்று, கொழும்புத்துறையில் இந்த வீட்டில் தனியே இருக்கிற காலத்தில் எனக்கு ஒரு நினைப்பு இருந்தது. சைக்கிள் ஓடக்கூடிய நிலையில் இருக்கும்வரை அண்ணைக்கு இங்கே வர ஒரு காரணம் இருக்கிறது என்று. அறுபத்தொரு வயது ஆள் நினைக்கிற நினைப்பா என்று நீங்கள் கேட்கலாம்.

இப்போது அவர் அங்கேயே அதே மாதிரிச் சைக்கிள் ஒன்றை வாங்கிவிட்டாராம். அதன் ஷாஃப்டில் மூட்டு உடைந்துபோயிருக்கிறதாம். அங்கே கிடைப்பது ஒன்றும் ஒரிஜினல் இல்லையாம்.

அங்கே ஒன்று வைத்திருக்கிற மனிசன் இதை ஓட எதற்கு வரப்போகிறார்? அடுப்பில் சொதி பொங்கி வழிந்தது. "ஓம் அண்ணை, கழட்டுறன்" என்றேன். எனக்குக் கோபம் வந்தால் குரல் மிகவும் மரியாதையாகிவிடும். அண்ணைக்கு அது தெரியாது. நான் கோபப்பட்டு அவர் பார்த்த காலத்தில் நான் காலைத் தூக்கி உதைக்கிற ஆளாக இருந்தேன்.

கொண்டுபோவதற்கு ஆளும் பார்த்துவிட்டிருந்தார். கோயில் திருவிழாவுக்கென்று கனடாவிலிருந்து வந்து நின்ற மச்சாள், எங்கள் மாமாவின் மகள், ஒரு மாதத்தில் திரும்புகிறார். இங்கேயிருந்து யார் போனாலும் அவர்களுடைய சூட்கேசில் பாதி அவர்களுடையதல்ல என்பது எங்கள் ஊர் வழக்கம். ஒடியல் மா, மிளகாய்த்தூள், வேப்பம்பூ வடகம், எல்லாம் அடுத்த வீட்டுக்காரரின் மகளுக்கும் பின்வீட்டுக்காரரின் மருமகனுக்கும். மச்சாளிடம் போய் ஷாஃப்ட் என்று சொன்னதும் அவர் தூக்குத் தராசைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"என்ன பாரம் வரும் அத்தான்?"

"மூண்டு, மூண்டரைக் கிலோ வரும்."

"மூண்டரைக் கிலோ தூளை எடுத்துப்போட்டு இரும்பைக் கொண்டு போகட்டாம் என்ன? உங்கடை அண்ணைக்கு நல்லாத்தான் இருக்குது."

ஏசினாலும் கொண்டுபோவார். அதுவும் எனக்குத் தெரியும்.

மறுநாள் காலை நடு ஸ்டாண்டில் சைக்கிளை ஏற்றிவிட்டுப் பின்னுக்குக் குந்தியிருந்தபோது போன் அடித்தது. திரும்பவும் அண்ணை. இரண்டு நாள் தொடர்ந்து அவர் எடுத்தது என் ஞாபகத்தில் இல்லை. அவருக்குப் படுக்கப் போகிற நேரம், எனக்கு வேலை தொடங்குகிற நேரம். வீடியோவைப் போடச் சொன்னார். போனை ஒரு பெயின்ட் பேணியில் சாத்தி வைத்தேன். என்னுடைய முகத்தை ஒரு நொடி பார்த்திருப்பார்.

"தம்பி, கொஞ்சம் விலத்து. நட்டு தெரியேல்லை."

அப்படித்தான் தொடங்கியது. அவர் என் வீட்டு நட்டைப் பார்த்தார். நான் அவருடைய வீட்டில் கார் விடுகிற கராச்சின் முகட்டையும் அவருடைய நெற்றியையும் பார்த்தேன். நெற்றி முன்பிருந்ததைவிட இரண்டு மடங்காகிவிட்டது.

முதலில் ஷாஃப்டின் முன்முனையை விடுவிக்க வேண்டும். கியர்பொக்ஸோடு அதைப் பிடித்திருக்கிற நான்கு போல்டுகள் ஒரு றப்பர் உறைக்குள்ளே இருக்கின்றன. இரண்டு விரல் மட்டும் போகக்கூடிய இடம். அந்த நான்குக்கும் இரண்டு காலைகள் போயின. பின்சில்லைக் கழட்ட ஒரு காலை. சில்லுக்குப் பக்கத்திலிருக்கிற பல்லுப் பெட்டியைக் கழட்ட இன்னொன்று. சுவிங் ஆம் குழாயைப் பிடித்திருக்கிற இரண்டு பக்க ஊசிகளும் துருப்பிடித்திருக்கவில்லை, முப்பத்தைந்து வருஷம் கிறீஸ் பூசினவன் நான்தானே. குழாயை அப்படியே வெளியே உருவியெடுத்து, கராச் மேசையில் இருந்த இடுக்கியில் பிடித்தேன். இதுவரைக்கும் ஒரு பிரச்சினையும் இல்லை. ஒவ்வொரு நாளும் அண்ணை எடுத்தார். மூன்று நிமிஷம், ஐந்து நிமிஷம். எல்லாம் போல்டைப் பற்றிய கதைதான்.

பிரச்சினை பின்முனையில் இருந்தது. அங்கே ஷாஃப்டின் நுனியில் மணி வடிவத்தில் ஒரு பல்லுச்சக்கரம் இறுகி இருக்கும். அதைப் பிடித்திருக்கிற நட்டு குழாயின் ஆழத்தில் இருக்கிறது. நட்டைக் கழட்டினாலும் மணி வராது. அதை இழுத்தெடுக்க ஒரு தனிக் கருவி வேண்டும், அது இலங்கையிலேயே எவரிடமும் இருக்காது. டவுனில் ஒரு லேத் பட்டறைக்காரர் இருக்கிறார், அதிகம் கதைக்காத மனிதர். குழாயைத் தூக்கிக்கொண்டுபோய்க் காட்டினேன். அளவெடுத்தார். இரண்டு நாளில் வரச் சொன்னார். அந்த இரண்டு நாளும் கழட்டுவதற்கு ஒன்றும் இல்லை. ஆனால் அண்ணை எடுத்தார். "லேத்காரன் தந்திட்டானோ?" என்றார். இல்லை என்றேன். போனை வைத்துவிடுவார் என்று நினைத்தேன்.

"சரி, நேற்று என்ன சமைச்சனி?"

என்னை யாரும் அதைக் கேட்டு எத்தனை வருஷம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பருப்பும் சோறும் என்றேன். உண்மையும் அதுதான். "பருப்பு மட்டுமோ? உங்கை மீன் கிடக்கேக்கை பருப்புத் தின்னுறாய், விசரன்" என்றார். அன்று கரைக்குப் போய்த் திருக்கை மீன் வாங்கி வந்து தேங்காய்ப்பூப் போட்டுச் சுண்டல் வைத்தேன். அடுத்த நாள் கேட்டால் சொல்வதற்கு ஏதாவது வேண்டுமே.

கருவி வந்தது. காலையில் அண்ணை போனை வைத்த பிறகு நட்டைக் கழட்டினேன். கருவியைப் பூட்டி, ஸ்பானரால் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, மத்தியானம் வரை அப்படியே விட்டு, திரும்பப் போய் இன்னும் ஒரு கால் சுற்று இறுக்கினேன். பட்டென்று ஒரு வெடி. நான் இரண்டடி தள்ளிப்போய் நின்றேன். வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டு ரீச்சரின் தலை தெரிந்தது.

"என்னது வெடிச்சது?"

"ஒண்டுமில்லை ரீச்சர், இரும்பு விட்டுட்டுது."

மணி கையோடு வந்தது. ஷாஃப்டை முன்பக்கத்தால் மெல்ல இழுத்தேன். கறுப்பு எண்ணெய் வடிய வெளியே வந்தது. துடைத்துப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. மூட்டு நான்கு பக்கமும் வழுக்கிக்கொண்டு ஆடியது. இவ்வளவு நல்ல சாமானை இந்த ஊரில் யாரும் இப்போது செய்து தரமாட்டார்கள் என்று பெருமையாகக்கூட இருந்தது. பிறகு மேசையில் வைத்துவிட்டு அதைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். நாளை காலை அண்ணை எடுப்பார். கழண்டிட்டுது என்பேன். நல்லது, மச்சாளிட்டைக் குடுத்துவிடு என்பார். அதோடு முடிந்தது, அடுத்தது தைப்பொங்கலுக்குத்தான்.

ஷாஃப்டைத் திரும்பக் குழாய்க்குள் தள்ளினேன். மணியை மேலே வைத்து, நட்டைக் கையால் திருகி விட்டேன். வீடியோவில் பார்க்க ஒரு வித்தியாசமும் தெரியாது.

"என்ன நிலைமை?" என்றார் காலையில்.

"நட்டு இன்னும் அசையுதில்லை அண்ணை."

அண்ணையிடம் நான் சொன்ன முதல் பொய் அது என்று சொன்னால் அதுவும் பொய். ஆனால் இப்படிப் பச்சையாகச் சொன்னதில்லை.

டீசல் ஊற்றி ஊற விடச் சொன்னார். ஊற விட்டேன் என்றேன். சூடு காட்டச் சொன்னார். காட்டினேன் என்றேன். இரண்டையும் வைத்து நாலைந்து நாளை ஓட்டினேன். அதன்பின் எனக்குச் சாட்டுத் தீர்ந்துபோனது. அப்போதுதான் கலண்டரைப் பார்த்தேன், அட்டமி. இண்டைக்கு அட்டமி, நாளைக்கு நவமி, இரண்டிலையும் ஒரு வேலையும் தொடக் கூடாது என்றேன். இங்கே இருந்த காலத்தில் அண்ணை இதையெல்லாம் கேட்டுச் சிரிப்பார். அங்கே போன பிறகு என்னைவிடப் பெரிய பக்தனாகிவிட்டார். "பொறு பொறு" என்று அங்கத்தைய கோயில் கலண்டரை எடுத்து வந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இஞ்சை இண்டைக்குச் சப்தமி எண்டு கிடக்கு தம்பி."

"அதண்ணை, உங்களுக்கு நேரம் பிந்தித்தானே."

கனக்க யோசித்தார். ஷாஃப்ட் இருப்பது இங்கே, போகப்போவது அங்கே, ஆகவே இரண்டு இடத்தையும் பார்ப்பதுதான் பாதுகாப்பு என்று அவரே முடிவு செய்தார். இரண்டு நாட்டு அட்டமி நவமியும் பார்த்ததில் எனக்கு மூன்று நாள் கிடைத்தது. அடுத்தது சனிக்கிழமை. சனிக்கிழமையில் இரும்புச் சாமான் வீட்டுக்கு வாங்கமாட்டார்கள், அது எல்லாருக்கும் தெரியும். இரும்பைக் கழட்டவும் கூடாது என்பதை நான் சேர்த்துக்கொண்டேன். அதற்கும் ஓம் என்றார்.

எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். அந்த நாட்களில் நான் மிகவும் சந்தோஷமாக இருந்தேன். வேலை செய்யத் தேவையில்லாத காலைகளில் போன் அரை மணித்தியாலம், முக்கால் மணித்தியாலம் என்று போனது. பெயின்ட் பேணியைக் கொஞ்சம் திருப்பி வைத்ததில் என்னுடைய முகமும் அவருக்குத் தெரிந்தது. "நீ ஏன்ரா இப்பிடி நரைச்சுப்போனாய்?" என்று கேட்டார். முழங்கால் வலியைப் பற்றிச் சொன்னார். தன்னுடைய பெடியள் இரண்டு பேரும் வேறு வேறு நகரங்களில், எடுத்தால் மெசேஜில்தான் பதில் வருகிறது என்றார். அண்ணி மேலே சீரியல் பார்ப்பாவாம், இவர் கீழே கராச்சில் அந்த ஓடாத சைக்கிளுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருப்பாராம். ஒரு காலை எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"அண்ணை, எப்ப இஞ்சாலை வாறியள்?"

"பாப்பம்" என்றார்.

பாப்பம் என்றால் எங்களிடையே அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான். அதன்பின் நான் கேட்கவில்லை. கோபமும் வரவில்லை. திருக்கை எப்படிச் சமைத்தாய் என்று கேட்டார், சொன்னேன்.

மச்சாள் போவதற்கு மூன்று நாள் இருக்கும்போது எல்லாம் கெட்டுப்போனது. காலையில் போனில் அண்ணையோடு கதைத்துக்கொண்டிருக்கிறேன். சாமான் கட்டுகிற அவசரத்தில் மச்சாள் படலையைத் திறந்துகொண்டு நேரே கராச்சுக்குள் வந்துவிட்டார், கையில் தூக்குத் தராசும் பழைய பெட்சீற் ஒன்றும். நான் எழும்ப முன்பே மேசைக்குப் போய்விட்டார். குழாயின் பின்பக்கத்தில் கையை வைத்தார். நான் விரலால் திருகி விட்ட நட்டு அவருடைய விரலுக்கும் வந்தது. மணி வந்தது. ஷாஃப்டை முன்னுக்கு இழுத்தார், அதுவும் வந்தது.

"அத்தான், இது கழண்டெல்லோ கிடக்கு!"

எங்கள் மச்சாளுக்குக் குரல் கோயில் ஸ்பீக்கர் மாதிரி. நான் பெயின்ட் பேணியின் பக்கம் திரும்பவில்லை. மச்சாள் இது ஒன்றும் விளங்காமல் ஷாஃப்டைத் தராசில் தொங்கவிட்டு, மூன்று கிலோவும் அறுநூறும் என்று வாசித்து, பெட்சீற்றில் சுற்றத் தொடங்கினார்.

"எத்தினை நாளாக் கழண்டு கிடக்கு?" என்றார் அண்ணை.

பொய் சொல்ல இனி என்ன இருக்கிறது? "பதின்மூண்டு நாள்" என்றேன்.

ஏசுவார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும், நானும் இரண்டு சொல்லியிருப்பேன். முப்பத்தைந்து வருஷமாகச் சேர்த்து வைத்தது என்னிடம் நிறைய இருந்தது. அவர் இருமினார். "சரி, தண்ணி படாமல் நல்லாச் சுத்திக் குடுத்துவிடு" என்றார். போனை வைத்துவிட்டார்.

மறுநாள் காலை எடுக்கவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. மச்சாள் கனடாவில் போய் இறங்கினார். நான் பருப்புக்கும் சோற்றுக்கும் திரும்பினேன். கராச்சில் சைக்கிள் பின்பக்கம் இல்லாமல் நின்றது. ஞாயிற்றுக்கிழமை வந்தது, ஸ்டார்ட் பண்ண மனம் வரவில்லை. அந்தப் பத்து நிமிஷத்தை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. வளவைக் கூட்டினேன். கூட்டின வளவைத் திரும்பக் கூட்டினேன். நானாக ஒருதரம் அவருக்கு எடுக்கலாம் என்று போனைத் தூக்கினேன். எடுத்து என்னத்தைச் சொல்வது? என்னை ஏமாற்றுக்காரன் என்று அவர் நினைத்தால்கூடப் பரவாயில்லை. பாவம் என்று நினைத்துவிட்டால் என்னால் தாங்கேலாது.

மூன்று கிழமை கழித்து ஒரு காலை வட்ஸ்அப்பில் படம் வந்தது. அண்ணையின் சைக்கிள், அவருடைய வீட்டு வாசலில், பின்னேர வெயிலில். அவர் ஹெல்மெற்றோடு மேலே இருக்கிறார். கீழே ஒரே ஒரு சொல்.

"ஓடுது."

பிறகு எழும்பிக் கராச்சுக்குள் போய் எங்கள் சைக்கிளைச் சுற்றி வந்தேன். அதில் மிச்சம் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். கார்புரேட்டர் இரண்டு, அரை மணித்தியாலத்தில் கழண்டுவிடும். டைனமோ ஒரு காலைக்கு வரும். கியர்பொக்ஸ் ஒரு கிழமை. எஞ்சின்தான். எஞ்சினைப் பிரித்து உள்ளே இருக்கிற கிராங்கை வெளியில் எடுப்பதென்றால் ஒழுங்கான மெக்கானிக்குக்கே ஒரு மாதம் வேண்டும், நான் செய்தால் அதற்கும் கூட. கதவடியில் நின்றே மெசேஜ் அடித்தேன்.

"அண்ணை, எஞ்சினும் நல்லாத்தான் கிடக்கு. பாட்ஸ் வேணுமெண்டால் கழட்டுறன். ஆனா கனநாள் எடுக்கும்."

இரண்டு நீலக் கோடும் உடனே விழுந்தன. எழுதுகிறார் என்று காட்டியது, நின்றது, திரும்பவும் காட்டியது. அவருக்கு எஞ்சின் தேவையில்லை, வாசலில் ஓடுகிற சைக்கிளின் படத்தை எனக்கு அனுப்பியதே அவர்தான். நான் எதைக் கேட்கிறேன் என்று அவருக்கும் தெரியும். இதைக் கழட்டத் தொடங்கினால் அது இனி ஒருநாளும் ஓடாது, அவர் வரவும் மாட்டார் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

"ஓம், வேணும்" என்று வந்தது. "அவசரப்படாதை. காலமை எடுக்கிறன்."